தரவரிசை வாக்களிப்பு உள்ள நகரத்தில் தேர்தலில் நிற்பது: முதல் முறை வேட்பாளருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க நகரம் ஒன்றில் மன்ற உறுப்பினர் பதவிக்கோ மேயர் பதவிக்கோ நிற்கலாமா என்று ஒருவர் யோசிக்கத் தொடங்கியதும் அவர் காதில் விழும் முதல் அறிவுரை, பெரும்பாலும், "இந்த முறை வேண்டாம், வாக்கு பிரிந்துவிடும்" என்பதாகத்தான் இருக்கும். சொல்பவர் எதிரியாக இருக்க வேண்டியதில்லை. அதே கொள்கையோ அதே சமூகப் பின்னணியோ கொண்ட மூத்தவர் ஏற்கெனவே களத்தில் இருப்பதால், நல்லெண்ணத்தோடுதான் பலரும் அப்படிச் சொல்கிறார்கள். வாக்காளர் ஒருவரை மட்டும் குறிக்காமல் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் தரவரிசை வாக்களிப்பு முறை, இந்த அறிவுரையின் அடிப்படையையே மாற்றிவிடுகிறது. உள்ளாட்சிப் பதவிகளுக்கு யார் நிற்கிறார்கள் என்பதை அது மாற்றுவதும் முதன்மையாக இந்த வழியில்தான். ஆனால் அது திறப்பது ஒரு கதவை மட்டுமே. பணம், கையெழுத்து, பதவியில் இருப்பவரின் பெயர்ப் பலம் ஆகிய மற்றக் கதவுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் மனுத் தாக்கல் செய்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள் என்பதால், ஒவ்வொரு படியாகச் செல்வோம்.

தொடங்கும் முன்: உங்களுக்குத் தகுதி இருக்கிறதா?

பெரும்பாலான நகரங்களில் வேட்பாளர் அந்நகரத்தில் பதிவுபெற்ற வாக்காளராக இருக்க வேண்டும். ஆகவே குடியுரிமை இல்லாமல் நிற்க முடியாது. தொகுதிக்குள் எவ்வளவு காலம் குடியிருந்திருக்க வேண்டும் என்பது நகரத்துக்கு நகரம் மாறும். புலம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் கவனிக்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. நிரந்தர வசிப்புரிமை, அதாவது கிரீன் கார்டு, உள்ளவர்கள் தேர்தல் நன்கொடை தரலாம். ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் உள்ளாட்சித் தேர்தலுக்குக்கூட நன்கொடை தரக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். ஆனால் ஊதியமின்றித் தொண்டராக உழைக்க அவர்களுக்குத் தடையில்லை. நெருங்கிய நண்பர் அன்போடு தரும் 50 டாலர் உங்கள் கணக்கில் சிக்கலாக மாறக்கூடும் என்பதால், முதல் நன்கொடை வாங்குவதற்கு முன்பே இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

முதற்படி: உங்கள் நகரத்தில் இருப்பது எந்த வகை என்று கண்டறியுங்கள்

இந்திய வாசகர்கள் குடியரசுத் தலைவர் தேர்தலின் வழியாகவும், இலங்கை வாசகர்கள் 2024 ஜனாதிபதித் தேர்தலில் எண்ணப்பட்ட இரண்டாம் விருப்பு வாக்கின் வழியாகவும் இம்முறையின் உறவினர்களை அறிந்திருப்பார்கள். அமெரிக்க நகரங்களில் இது இரண்டு வடிவங்களில் நடக்கிறது.

முதல் வடிவம் ஓர் இடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. முதல் விருப்ப வாக்குகளில் யாரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால், கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டு, அவருக்கு விழுந்த வாக்குச்சீட்டுகள் அவற்றில் அடுத்ததாகக் குறிக்கப்பட்டவருக்குச் செல்லும். ஒருவர் பெரும்பான்மை பெறும்வரை சுற்றுகள் தொடரும். சான் பிரான்சிஸ்கோ 2004 முதலும், மினியாபோலிஸ் 2009 முதலும், ஓக்லாந்தும் பெர்க்லியும் 2010 முதலும் இவ்வாறு நடத்துகின்றன. நியூயார்க் நகரம் 2019 நவம்பரில் வாக்கெடுப்பின் மூலம் இதை ஏற்று 2021இல் தொடங்கியது. ஆனால் அங்கே கட்சி பிரைமரிகளுக்கும் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) இடைத்தேர்தல்களுக்கும் மட்டுமே இம்முறை பொருந்தும், நவம்பர் பொதுத்தேர்தல் பழைய முறையில்தான் நடக்கிறது.

இரண்டாம் வடிவம் ஒரே தொகுதியிலிருந்து பலரைத் தேர்ந்தெடுப்பது. மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் 1941 முதல் தன் ஒன்பது மன்ற உறுப்பினர்களையும் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது; அங்கே பத்தில் ஒரு பங்கு வாக்கைச் சற்றுத் தாண்டினாலே ஓர் இடம் உறுதி. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து, 2022இல் நகரச் சாசனத்தைத் திருத்தி, 2024 நவம்பரில் நான்கு தொகுதிகளிலிருந்து தலா மூவரை இவ்வாறு தேர்ந்தெடுத்தது. வெல்லும் எல்லை 25 சதவீதத்துக்குச் சற்று மேல். நகரம் முழுவதும் சிதறி வாழும் ஒரு சமூகத்திலிருந்து நிற்பவருக்கு இரண்டாம் வடிவமே பெரிய வாய்ப்பு என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் பாதிப் பேரை வெல்ல வேண்டிய இடத்தில் கால்வாசிப் பேரை வென்றால் போதும்.

அதன் பின் எத்தனை பேரை வரிசைப்படுத்தலாம் என்று பாருங்கள். மினியாபோலிஸில் மூவர், நியூயார்க்கில் ஐவர், போர்ட்லாந்தில் அறுவர். கூடவே, உங்கள் மாநிலம் இம்முறையைத் தடைசெய்திருக்கிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். புளோரிடாவும் டென்னசியும் 2022இல் தடைவிதித்தன. மொன்டானா, ஐடஹோ, தெற்கு டகோட்டா 2023இல் தொடர்ந்தன. நகரத் தேர்தல் அலுவலகம் வெளியிடும் வேட்பாளர் கையேட்டில் இவை எல்லாம் இருக்கும். செய்தித்தாளின் சுருக்கத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

இரண்டாம்படி: "வாக்கு பிரியும்" என்பவருக்குப் பதில் தயாரித்துக்கொள்ளுங்கள்

முதலில் கணக்கை நீங்களே உணர வேண்டும். ஆயிரம் வாக்குகளில் அ என்பவர் 400, ஆ 330, இ 270 பெறுகிறார்கள் என்று வையுங்கள். ஆவும் இயும் ஏறத்தாழ ஒரே கொள்கை உடையவர்கள். பழைய முறையில் அ வென்றுவிடுவார். அடுத்த நான்காண்டுகளுக்கு இ செல்லும் இடமெல்லாம் பழி கேட்பார். தரவரிசை முறையில் இ நீக்கப்படுகிறார். அவருடைய 270 சீட்டுகளில் 240 ஆவுக்கும் 10 அவுக்கும் செல்ல, 20 சீட்டுகளில் அடுத்த பெயர் இல்லை. ஆ 570, அ 410. இ தோற்றாலும், அவர் நின்றதால் எவருக்கும் இழப்பில்லை. தன் கோரிக்கைகளை மக்கள் முன் வைத்தார், தன் ஆதரவு எவ்வளவு என்று காட்டினார், தோழமையையும் இழக்கவில்லை. நிற்பதற்கான அனுமதியை மூத்தவர்களிடமும் கட்சிக் குழுக்களிடமும் கேட்டுக் காத்திருக்கும் பழக்கம் தளர்வது இதனால்தான்.

நடந்தவையும் இதற்குச் சான்று தருகின்றன. 2010இல் சான் பிரான்சிஸ்கோவின் பத்தாம் தொகுதியில் 20க்கும் மேற்பட்டோர் நின்றார்கள். முதல் விருப்ப வாக்குகளில் மூன்றாம் இடத்தில் இருந்த மாலியா கோஹன், மற்றவர்கள் நீங்க நீங்க மேலேறி வென்றார். அதே ஆண்டு ஓக்லாந்து மேயர் தேர்தலில், முதல் விருப்பத்தில் ஏறத்தாழ 34 சதவீதம் பெற்ற மாநில அரசியலின் பெரும்புள்ளி டான் பெராட்டாவை, ஏறத்தாழ 24 சதவீதத்தில் தொடங்கிய ஜீன் குவான் இறுதிச் சுற்றில் முந்தி, அந்நகரின் முதல் பெண் மேயரானார். மினியாபோலிஸில் 2013இல் அப்டி வார்சமே, பிளாங் யாங், அலோண்ட்ரா கானோ ஆகியோர் முறையே சோமாலிய, மோங், மெக்சிக அமெரிக்கச் சமூகங்களிலிருந்து முதன்முறையாக நகர மன்றத்துக்குள் நுழைந்தார்கள். நியூயார்க்கில் 2021 தேர்தலுக்குப் பின் 51 உறுப்பினர்களில் 31 பேர் பெண்கள்; அதற்கு முன் அம்மன்றத்தில் பெண்கள் பெரும்பான்மையாக இருந்ததே இல்லை. ஷஹானா ஹனீஃபும் சேகர் கிருஷ்ணனும் அந்த மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தெற்காசிய அமெரிக்கர்கள் ஆனார்கள். 2023 தேர்தலில் செயின்ட் பால் நகரம் தன் ஏழு மன்ற இடங்களுக்கும் பெண்களையே தேர்ந்தெடுத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இம்முறையின் ஆதரவாளர்கள் பலரும் இதை விழுங்கிவிடுகிறார்கள். மேற்சொன்ன மாற்றங்கள் எவற்றையும் தரவரிசை வாக்களிப்பு தனியாக நின்று செய்துவிடவில்லை. நியூயார்க்கில் அதே ஆண்டு பதவிக்கால வரம்பினால் பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் பழையவர்கள் விலகினார்கள். சிறு நன்கொடைக்கு நகரம் எட்டு மடங்கு பொதுப்பணம் சேர்க்கும் திட்டமும் அப்போது நடைமுறையில் இருந்தது. மினியாபோலிஸில் அத்தேர்தலுக்கு முன் நடந்த தொகுதி மறுவரையறை, கிழக்கு ஆப்பிரிக்கக் குடும்பங்கள் நெருங்கி வாழும் பகுதியை ஒரே தொகுதிக்குள் கொண்டுவந்திருந்தது. ஆகவே ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. முறை புதிதாக வரும்போது வேட்பாளர் எண்ணிக்கை கூடுவதையும், சில தேர்தல்களுக்குப் பின் பல இடங்களில் அது தணிவதையும் காண முடிகிறது. உங்கள் தொகுதியில் பலமான உறுப்பினர் மீண்டும் நிற்கிறார் என்றால், எந்த வாக்களிப்பு முறையும் அவரை எளிதில் அசைத்துவிடாது.

புதிய வேட்பாளர்களுக்கு வழி திறப்பது சிலருக்குப் பிடிக்காமலும் போகும் என்பதை வரலாறு சொல்கிறது. நியூயார்க் நகரம் 1937 முதல் 1945 வரை பல உறுப்பினர் தரவரிசை முறையைப் பயன்படுத்தியபோது, 1941இல் ஆடம் கிளேட்டன் பவல் அம்மன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானார். 1947இல் அம்முறை நீக்கப்பட்டது. சின்சினாட்டியில் 1925 முதல் இருந்த அதே முறை 1957இல் கைவிடப்பட்டபோது, கறுப்பினத்தவரான தியோடர் பெர்ரி மேயராகிவிடுவார் என்ற அச்சம் பிரசாரத்தில் வெளிப்படையாகவே விதைக்கப்பட்டது.

மூன்றாம்படி: நுழைவாயிலின் உயரத்தை அளந்து பாருங்கள்

யார் நிற்கிறார்கள் என்பதை வாக்களிப்பு முறையைவிட வேட்புமனு விதிகளே பல நேரங்களில் தீர்மானிக்கின்றன. மினியாபோலிஸ் இதற்கு மிகச் சிறந்த பாடம். 2013இல் அங்கே மேயர் பதவிக்கு மனுக் கட்டணம் 20 டாலர்தான். பதவியில் இருந்தவர் மீண்டும் நிற்கவில்லை. களத்தில் இறங்கியவர்கள் 35 பேர். எண்ணிக்கை 33 சுற்றுகள் சென்ற பிறகே பெட்ஸி ஹாட்ஜஸ் வென்றார். மூன்று பெயர்களை மட்டுமே வரிசைப்படுத்தக்கூடிய வாக்காளருக்கு 35 பெயர்களைக் கற்றுக்கொள்வது சுமையாக இருந்தது. அடுத்த ஆண்டே நகர மக்கள் வாக்கெடுப்பின் மூலம் மேயருக்கான கட்டணத்தை 500 டாலராகவும் மன்ற உறுப்பினருக்கான கட்டணத்தை 250 டாலராகவும் உயர்த்தினார்கள். பணம் கட்ட இயலாதவர் கையெழுத்துத் திரட்டி நிற்கும் வழியும் வைக்கப்பட்டது. அது நியாயமான சமநிலை என்றே எனக்குத் தோன்றுகிறது. கையெழுத்து வழி இல்லாமல் கட்டணத்தை மட்டும் உயர்த்தியிருந்தால், தரவரிசை முறை திறந்த கதவைப் பணம் மூடியிருக்கும்.

நியூயார்க்கில் நிலைமை வேறு. மன்ற உறுப்பினர் பிரைமரிக்கு, உங்கள் தொகுதியில் அதே கட்சியில் பதிவுசெய்த வாக்காளர்களிடமிருந்து செல்லுபடியாகும் 450 கையெழுத்துகள் வேண்டும். எதிர்த்தரப்பு அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து முறையிடும் வழக்கம் அங்கே உண்டு என்பதால், தேவையைப் போல் இரண்டு மூன்று மடங்கு திரட்டுவதே பாதுகாப்பு. இதற்கு ஈடாக அங்குள்ள பொதுநிதித் திட்டம் பெரிய துணை. நகரவாசி ஒருவர் 10 டாலர் தந்தால், தகுதி வரம்பைக் கடந்த வேட்பாளருக்கு நகரம் 80 டாலர் சேர்த்துத் தருகிறது. பணக்கார நண்பர்கள் இல்லாத ஓர் ஆசிரியரோ வாடகைதாரர் சங்கப் பணியாளரோ நிற்க முடிவதற்கு, வாக்குச்சீட்டின் வடிவத்தைவிட இந்த 80 டாலர் அதிகம் உதவுகிறது.

பிரைமரி நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். மினியாபோலிஸில் செப்டம்பரிலும், ஓக்லாந்தில் ஜூனிலும், போர்ட்லாந்தில் மே மாதத்திலும் நடந்துவந்த முதற்கட்டத் தேர்தல் தரவரிசை முறையோடு மறைந்தது. சான் பிரான்சிஸ்கோவில் டிசம்பரில் நடந்துவந்த இரண்டாம் சுற்றுத் தேர்தல் மறைந்தது. இரண்டு தேர்தலுக்குப் பதில் ஒன்று என்பதால் செலவும் விடுப்பும் குறையும். சம்பள வேலையில் இருப்பவருக்கும் குழந்தை வளர்ப்பவருக்கும் இது சிறிய விஷயமல்ல. ஆனால் முதற்கட்டத் தேர்தல் செய்துவந்த வடிகட்டலை இனி வாக்காளரே செய்ய வேண்டும். 2024இல் போர்ட்லாந்தின் 12 இடங்களுக்கு 98 பேர் நின்றார்கள், மேயர் பதவிக்கு 19 பேர். வாக்களிக்க வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மன்ற உறுப்பினர் பகுதியை வெறுமையாக விட்டுச் சென்றார். அதே தேர்தலில், பதவியிலிருந்த மூன்று மன்ற உறுப்பினர்களைத் தாண்டி, அதற்கு முன் எந்தப் பதவியும் வகித்திராத கீத் வில்சன் மேயரானார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான்காம்படி: இரண்டாம் விருப்பத்தை வாய்விட்டுக் கேளுங்கள்

வாசலில் ஏற்கெனவே போட்டியாளரின் பதாகை நடப்பட்டிருக்கும் வீட்டைப் பழைய முறையில் தாண்டிப் போவார்கள். இங்கே அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். "நீங்கள் அவரை முதலில் வைத்திருப்பது எனக்குத் தெரியும், அதை மாற்றச் சொல்லவில்லை; இரண்டாவதாக என்னை வையுங்கள்" என்று சொல்லப் பழகுங்கள். ஜீன் குவானின் ஓக்லாந்து வெற்றிக்கு அடித்தளம் இப்படிக் கேட்டதுதான். இதன் மறுபக்கம், போட்டியாளரைத் தாக்கும்போது அவருடைய ஆதரவாளரின் இரண்டாம் விருப்பத்தையும் சேர்த்து இழக்கிறீர்கள் என்பது. வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லலாம்; ஆளை இழிவுபடுத்தினால் அது கணக்கில் கழிவாகத்தான் வரும்.

கூட்டாகப் பிரசாரம் செய்வது அடுத்த நிலை. 2018இல் சான் பிரான்சிஸ்கோ மேயர் தேர்தலில் மார்க் லெனோவும் ஜேன் கிம்மும் ஒருவரையொருவர் இரண்டாவதாக வைக்கச் சொல்லி ஒன்றாக நின்றார்கள். லண்டன் பிரீடிடம் இறுதிச் சுற்றில் லெனோ ஏறத்தாழ ஒரு சதவீத வித்தியாசத்தில் தோற்றார். 2025 ஜூனில் நியூயார்க் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஸோரான் மம்தானியும் பிராட் லேண்டரும் ஒருவரையொருவர் பரிந்துரைத்தார்கள். மம்தானி இறுதிச் சுற்றில் 56 சதவீதம் பெற்று முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ கோமோவை வென்றார். 2021இலோ, ஆண்ட்ரூ யாங் தன் ஆதரவாளர்களிடம் காத்ரின் கார்சியாவை இரண்டாவதாக வைக்கச் சொன்னார், கார்சியா பதிலுக்குச் சொல்லவில்லை. இறுதியில் எரிக் ஆடம்ஸிடம் அவர் 7,197 வாக்குகளில் தோற்றார். கூட்டு வேண்டுமென்றால் இருவரும் தங்கள் ஆதரவாளர்களிடம் சீக்கிரமே, ஒரே சொற்களில், பலமுறை சொல்ல வேண்டும். பொதுநிதி வாங்கும் வேட்பாளர்கள் கூட்டுத் துண்டறிக்கையின் அச்சுச் செலவை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு விதிகள் உண்டு; அச்சிடும் முன் தேர்தல் நிதி அலுவலகத்தைக் கேளுங்கள்.

எல்லாருடைய இரண்டாம் விருப்பமாக இருந்தால் போதும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனில் 2009 மேயர் தேர்தலில் ஆண்டி மான்ட்ரோல் மற்ற இருவரில் எவரையும் நேருக்கு நேர் வென்றிருப்பார் என்று வாக்குச்சீட்டுகள் காட்டின. ஆனால் முதல் விருப்பத்தில் அவர் மூன்றாமிடத்தில் இருந்ததால் முன்பே நீக்கப்பட்டார். பாப் கிஸ் வென்றார். அந்தக் கசப்பு, அடுத்த ஆண்டே அந்நகரம் இம்முறையைக் கைவிடுவதற்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. பின்னர் 2021இல் மன்றத் தேர்தலுக்கு மீண்டும் ஏற்றுக்கொண்டது. இரண்டாம் விருப்பம் உங்களைச் சென்றடைய வேண்டுமானால் அந்தச் சுற்று வரை நீங்கள் களத்தில் இருக்க வேண்டும். உங்களை முதலிடத்தில் வைக்கும் தெருக்களையும் சங்கங்களையும் முதலில் எண்ணிப் பட்டியலிடுங்கள். அது பத்து சதவீதத்தைக்கூட எட்டவில்லை என்றால், இந்தத் தேர்தலை வெல்வதற்காக அல்லாமல் அறிமுகத்துக்காக நிற்கிறீர்கள் என்று உங்கள் குழுவிடம் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். அதுவும் மதிப்புள்ள காரணம்தான்.

ஐந்தாம்படி: சீட்டை நிரப்பக் கற்றுக்கொடுங்கள்

ஒருவரை மட்டும் குறித்துவிட்டு விடும் சீட்டு, அவர் நீக்கப்பட்டதும் கணக்கிலிருந்து வெளியேறிவிடும். ஒரே வேட்பாளரை ஐந்து வரிசையிலும் குறிப்பதால் அவருக்குக் கூடுதல் பலம் கிடைக்காது. இருவரை ஒரே வரிசையில் குறித்தால் அந்த வரிசை செல்லாது. இரண்டாவதாக ஒருவரைக் குறிப்பது முதலாமவருக்குத் தீங்கு செய்யாது என்பதைத்தான் மூத்தவர்கள் நம்ப மறுப்பார்கள். முதலாமவர் நீக்கப்படும்வரை இரண்டாம் பெயரை யாரும் பார்ப்பதே இல்லை என்று மாதிரிச் சீட்டை மேசையில் வைத்துக் காட்டுங்கள். வீட்டில் பேசும் மொழியிலேயே காட்டுங்கள். நீங்கள் தோற்கும் தேர்தலிலும் இந்த வேலை உங்கள் தெருவின் வாக்கை இறுதிச் சுற்று வரை உயிரோடு வைத்திருக்கும்.

ஆறாம்படி: எண்ணிக்கை நாட்களும் அதற்குப் பின்னும்

முதல் இரவு முடிவை வெற்றியாகவோ தோல்வியாகவோ அறிவிக்காதீர்கள். தபால் வாக்குகள் வந்து சேரும்வரை பல நகரங்களில் இறுதிச் சுற்றுகள் நடக்காது. 2021இல் நியூயார்க்கில் வெற்றியாளர் தெளிவாக இரண்டு வாரங்கள் ஆயின. ஓக்லாந்தில் 2022 மேயர் தேர்தலில் முதல் விருப்பத்தில் முன்னிலை பெற்ற லோரன் டெய்லர், ஷெங் தாவோவிடம் 677 வாக்குகளில் தோற்றார். அதே நகரில் அதே நாளில் நடந்த பள்ளி வாரியத் தேர்தல் ஒன்றில், முதல் வரிசையை வெறுமையாக விட்ட சீட்டுகளை எண்ணும் அமைப்பில் நேர்ந்த பிழையால் தவறானவர் வென்றதாகச் சான்றளிக்கப்பட்டு, வெளியிலிருந்து தரவைச் சோதித்தவர்கள் சுட்டிக்காட்டிய பின்னரே அது திருத்தப்பட்டது. எனவே, கணக்குத் தெரிந்த ஒருவரை எண்ணிக்கைப் பார்வையாளராக முன்கூட்டியே நியமித்துவிடுங்கள்.

சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் போன்ற நகரங்கள் ஒவ்வொரு சீட்டின் வரிசையையும் பெயரின்றிக் கோப்பாக வெளியிடுகின்றன. தேர்தல் முடிந்த வாரத்திலேயே அதைத் தரவிறக்குங்கள். உங்களை இரண்டாவதாக வைத்தவர்கள் யாரை முதலில் வைத்தார்கள், எந்த வாக்குச்சாவடியில், உங்கள் வாக்குகள் நீக்கத்துக்குப் பின் யாரிடம் சென்றன என்பவை எல்லாம் அதில் இருக்கின்றன. பழைய முறையில் தோற்றவருக்குக் கிடைத்தது ஓர் எண் மட்டுமே. உங்களுக்கோ அடுத்த தேர்தலில் முதலில் தட்ட வேண்டிய கதவுகள் எந்தப் பகுதியில் இருக்கின்றன என்பதும், முதலில் தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டிய சக வேட்பாளர் யார் என்பதும் அந்தக் கோப்பிலேயே கிடைக்கும்.